எஃப்.சி. இருக்கிறது, பிரேக் பைப் இருக்கிறதா?

பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்துப் பள்ளி வாகனங்கள் கூட்டாய்வுக்கு வரிசையில் நின்றாக வேண்டும். கெடு நெருங்க நெருங்க உத்திரமேரூர் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கையில் இருக்கும்போது இன்னொரு சோதனை எதற்கு? அதிலும் தேறிவிட்டால் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

முதல் கேள்விக்குப் பதில் 2012 ஜூலையில் இருக்கிறது. தாம்பரம் அருகே, அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்த இரண்டாம் வகுப்பு மாணவி சக்கரத்தில் சிக்கி இறந்தார். அந்தப் பேருந்து அண்மையில்தான் தகுதிச் சான்று வாங்கியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தகுதிச் சான்று என்றால் வண்டி ஆண்டு முழுவதும் நல்லபடி ஓடும் என்பதற்கான உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு அவ்வளவு தாராளமில்லை. வண்டி ‘அப்போதைக்கு’ விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று மட்டுமே சான்று சொல்கிறது. எட்டு வயது தாண்டிய பள்ளி வாகனம், சரக்கு வண்டி போன்றவற்றுக்கு அடுத்த ‘அப்போது’ ஓராண்டு கழித்துத்தான் வரும்.

துருவுக்கு அந்த ஓராண்டு தாராளம். வேன், டாடா ஏஸ், பொலிரோ போன்ற வண்டிகளில் பிரேக் ஆயிலைச் சக்கரம்வரை கொண்டுபோவது பெரும்பாலும் 4.75 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. குழாயைக் கிளிப் கவ்விப் பிடித்திருக்கும் இடத்தில் பூச்சு முதலில் உரியும். சேறு அப்பி, ஈரம் காயாமல் கிடப்பதும் அங்கேதான். வயல் வேலைக்குப் போய்வரும் வண்டியில் அந்தச் சேற்றோடு பொட்டாஷ் உரத்தின் குளோரைடும் சேர்கிறது. மீன் ஏற்றும் வண்டியில் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரே போதும்.

இனிதான் வில்லங்கம். துரு குழாயைச் சீராகத் தேய்ப்பதில்லை, அங்கங்கே குழி பறிக்கிறது. வழக்கமாக வேகத்தைக் குறைக்கையில் குழாய்க்குள் அழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 40 பார். மாடு குறுக்கே வந்து ஓட்டுநர் முழு பலத்தோடு மிதிக்கும்போது 100 பாரையும் தாண்டும். மெலிந்த இடம் தினசரி மிதியைத் தாங்கிக்கொண்டே வரும். பெரிய மிதி விழும் அன்று வெடிக்கும். பெரிய மிதி விழுவதோ ஆபத்து எதிரே நிற்கும்போதுதான்.

எஃப்.சி.க்கு வண்டி காலியாகப் போகிறது. காலி வண்டியின் சக்கரம் சோதனை ரோலரில் குறைந்த அழுத்தத்திலேயே லாக் ஆகிவிடும். இருபது பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் தேவைப்படும் அழுத்தத்தைக் குழாய் அங்கே சந்திப்பதே இல்லை. ரோலர் கணக்கிடுவது சக்கரத்தின் பிடியை. குழாயில் மிச்சமிருக்கும் தடிமன் அதற்குத் தெரியாது. மனிதத் தலையீடு இல்லாதது என்று பெருமையாகச் சொல்லப்படும் தானியங்கிச் சோதனைக்கும் இது பொருந்தும். துருவைக் கண்டுபிடிக்க, ஊரார் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரோ வேறொருவரோ வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் கிளிப் கிளிப்பாகப் பார்த்தாக வேண்டும்.

ஒரு குழாய் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பது தயாரிப்பாளர்களின் பதில். பிரேக்கை இரண்டு தனி வழிகளாகப் பிரித்திருப்பது உண்மைதான். ஆனால் ஒன்று வெடித்தால் பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் வருடக்கணக்காக சீல் தொடாத பகுதியில் அழுக்கும் அரிப்பும் சேர்ந்திருக்கும். பெடல் முதன்முறையாக அவ்வளவு ஆழம் போகும்போது சீலும் கிழியலாம். தவிர, இரண்டு குழாய்களும் ஒரே வயது, ஒரே சேற்றில் ஊறியவை.

அமெரிக்காவில் சாலைப் பனியைக் கரைக்க உப்புத் தூவும் மாநிலங்களில் இதே கோளாறு. 2014-இல் சுபாரு சுமார் 6.6 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் சுமார் 50 லட்சம் பழைய வண்டிகள் மீதான விசாரணையை அரசின் பாதுகாப்பு அமைப்பு 2015 ஏப்ரலில் மூடிவிட்டது. துரு தயாரிப்புக் குறையல்ல, வயதின் தேய்மானம். வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள் என்றது. வண்டிக்கு வயதானால் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுவது அங்கேயும் அப்படித்தான்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

பெரிய பேருந்துக்கும் இதேதானா? அதிலுள்ள ஏர் பிரேக் வேறு ரகம். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் காற்று இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி இணைக்கலாமா? வேண்டாம், முழுக் குழாயையும் மாற்றுங்கள்.

செம்புக் குழாய்? வெறும் செம்பு கூடாது. செம்பு-நிக்கல் கலவை நல்லது.

பிரேக் ஆயில்? காற்றின் ஈரத்தை உறிஞ்சும், குழாயை உள்ளிருந்தும் அரிக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும்.

ஏ.பி.எஸ். இருந்தால்? ஆயில் ஒழுகிப்போன குழாயில் அதற்கு வேலையில்லை.

பெடல் தரை தட்டினால்? விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும்.

பெற்றோர் பள்ளியிடம் என்ன கேட்கலாம்? கடைசியாகப் பிரேக் பைப் மாற்றிய பில்லை.