வருமுன் காக்கும் நிறுவனம்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் பொதுச் சுகாதார நிறுவனம் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கான விடையைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம். மருத்துவமனை நம் கண்ணுக்குத் தெரிவது. அங்குப் பணியாற்றும் மருத்துவரையும் செவிலியரையும் நாம் அறிவோம். ஆனால், ஊரில் கொள்ளைநோய் இல்லாத நாள்களில் அந்நிலைக்காக உழைத்தவர் யாவர் என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு நாட்டில் தோன்றும் நோய்களைக் கணக்கிட்டு, அவற்றின் காரணத்தை ஆராய்ந்து, பரவாமல் தடுக்கும் வழியை அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துரைக்கும் அமைப்பே தேசியப் பொதுச் சுகாதார நிறுவனமாகும். இத்தகைய நிறுவனம் பல நாடுகளில் உண்டு. எனினும் இடர் வந்த காலத்தில் சில திறம்படச் செயல்பட்டன, சில தடுமாறின. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியத் தென் கொரியாவின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும். ஒரே நிறுவனம் 2015இல் தடுமாறி, 2020இல் தலைநிமிர்ந்து நின்ற வரலாறு அது.

2015இல் நேர்ந்தது

சார்ஸ் நோய் ஆசிய நாடுகளை அச்சுறுத்திய 2003ஆம் ஆண்டிற்குப் பின்னர், 2004இல் கொரிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் நிறுவப்பட்டது. அது தோன்றிப் பதினோர் ஆண்டுகள் கழிந்த நிலையில், 2015 மே மாதம் மத்தியக் கிழக்கு நாடுகளிலிருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலுற்றார். அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவ நிலையங்களை நாடிச் சென்ற பின்னரே, மே 20 அன்று அவருக்கு வந்திருப்பது மெர்ஸ் நோய் என உறுதியாயிற்று. அதற்குள் அந்நோய் பிற நோயாளிகளையும் அவர்களைக் காண வந்த உறவினரையும் பற்றிக்கொண்டது. அந்நோய்ப் பரவலில் 186 பேர் நோயுற்றனர். 38 பேர் மாண்டனர். 16,000க்கும் மேற்பட்டோர் விலகியிருக்கும்படி பணிக்கப்பட்டனர்.

இத்தீங்கு பெருகியமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, ஆள் பற்றாக்குறை. நோயின் தடத்தைத் தேடிச் செல்ல வேண்டிய புலனாய்வாளர் மிகச் சிலரே இருந்தனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர், கட்டாயப் படைப்பணிக்கு மாற்றாகச் சில ஆண்டுகள் மட்டும் பணியாற்ற வந்த இளம் மருத்துவர்கள். இரண்டாவது, அதிகாரக் குறைவு. அமைச்சகத்தின் கீழ் இயங்கிய மையம் தானே முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தது. மூன்றாவது, மறைப்பு. நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயர்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவர் எனக் கருதிய அரசு, ஜூன் 7 வரை அவற்றை வெளியிடவில்லை. விளைவு நேர்மாறாயிற்று. எங்கு நோய் உள்ளது என்பதறியாத மக்கள் எல்லா மருத்துவமனைகளையும் அஞ்சினர், வதந்திகள் மலிந்தன. அறிந்திருந்தால் விலகியிருக்கக்கூடியவர், அறியாமையால் நோயிருந்த இடத்திற்கே சென்றனர்.

பிழையிலிருந்து பெற்ற பாடம்

தவறு நிகழ்வது இயல்பு. அதனை ஒப்புக்கொண்டு, எழுதிவைத்து, திருத்திக்கொள்வது அரிது. கொரியா அதனைச் செய்தது. தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. மையத் தலைவரின் பதவிநிலை உயர்த்தப்பட்டது. புலனாய்வாளர் எண்ணிக்கையும் பயிற்சியும் பெருக்கப்பட்டன. புதிய நோய் தோன்றும் காலத்தில் சோதனைக் கருவிகளுக்கு விரைந்து ஒப்புதல் அளிக்கும் முறையும் வகுக்கப்பட்டது.

இவற்றினும் நம்மை வியக்கவைப்பது ஓர் ஒத்திகை. 2019 டிசம்பர் 17 அன்று, அம்மையத்தைச் சார்ந்த வல்லுநர்கள் கூடி, சீனாவிற்குச் சென்று திரும்பிய ஒரு கொரியக் குடும்பத்திற்குக் காரணமறியாத நிமோனியாக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது எனக் கற்பனையாக ஆராய்ந்தனர். ஊகானில் பரவிய புதிய நோய் பற்றிய செய்தி உலகிற்கு எட்டியது அவ்வாண்டின் இறுதி நாளில்தான். வரவிருப்பதை அறிந்து அவர்கள் அவ்வாறு செய்யவில்லை; என்றேனும் ஒருநாள் வரும் என்ற பொறுப்புணர்வோடு செய்தனர்.

2020இல் கண்ட பயன்

2020 சனவரி 20 அன்று கொரியாவில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நோயாளிகள் நால்வரே இருந்த சனவரி 27 அன்று, சியோல் தொடர்வண்டி நிலையத்தில் சோதனைக் கருவி செய்யும் நிறுவனத்தாரை அதிகாரிகள் அழைத்துப் பேசினர். பிப்ரவரி 4 அன்று முதல் கருவிக்கு ஒப்புதல் கிட்டியது. அம்மாத இறுதியில், தேகு நகரை மையமாகக் கொண்டு நோய் பெருகி, ஒரே நாளில் 800க்கும் மேற்பட்டோர் நோயுற்ற செய்தி வந்தபோது, சோதிக்கக் கருவியும் தடந்தேட ஆளும் ஆயத்தமாக இருந்தன. நாடு முழுவதையும் அடைத்துப் பூட்டாமலேயே மார்ச் நடுவில் அன்றாட எண்ணிக்கை நூறு அளவிற்கு இறங்கியது.

மையத்தின் தலைவரான ஜியோங் உன் கியோங் அம்மையார் நாள்தோறும் மக்கள் முன் தோன்றி, அறிந்ததை அறிந்தவாறு எளிய சொற்களில் எடுத்துரைத்தார். 2015இல் மறைப்பால் இழந்த நம்பிக்கையை 2020இல் வெளிப்படைத்தன்மை மீட்டுத் தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று அம்மையம் தனி முகமையாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர், அதன் ஆராய்ச்சிக் கூடத்தைப் பிரித்து அமைச்சகத்தோடு சேர்க்கும் திட்டம் எழுந்து, கடும் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தை இழந்த நிறுவனம் கண்ணை இழந்ததற்கு ஒப்பாகும் என்பதனை வல்லுநர்கள் உணர்ந்திருந்தனர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. நோயாளிகள் சென்ற இடங்களை விரிவாக வெளியிட்டமையால் தனிமனிதரின் அந்தரங்கம் பாதிக்கப்பட்டது. மனித உரிமை ஆணையம் சுட்டிக்காட்டிய பின்னர், 2020 மார்ச்சில் அம்முறை திருத்தப்பட்டது. 2022இல் ஓமிக்ரான் அலை பெருகியபோது கொரியாவும் தப்பவில்லை. ஆயினும் அதற்குள் அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தனர். அந்தக் கால அவகாசத்தைப் பெற்றுத் தந்ததே நிறுவனத்தின் வெற்றி எனலாம்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலும் இம்மரபு பழமையானதே. 1909இல் கசௌலியில் தொடங்கிய மலேரியா பணியகத்தின் வழிவந்ததே தில்லியிலுள்ள இன்றைய தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் எழுந்து மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடிய நிகழ்ச்சி, மாவட்டந்தோறும் நோய்க் கணக்கு இருக்க வேண்டியதன் தேவையை உணர்த்தியது. 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னையில் 1999இல் அமைந்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களப் புலனாய்வுப் பயிற்சி அளித்து வருகிறது. ஆயினும் தலைமை நிறுவனம் எத்துணைச் சிறப்புடையதாயினும், கடைக்கோடிச் சுகாதார நிலையத்துச் செவிலியர் எழுதி அனுப்பும் எண் மெய்யாக இருந்தாலன்றி அதனால் பயனில்லை. எண்ணிக்கை மிகுந்தால் மேலதிகாரி சினப்பார் என்ற அச்சம் நிலவும் இடத்தில் மெய்யெண் பிறவாது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இனி வருவோம். 2020இல் நோயுற்றவரைப் பிரித்து வைப்பதையும், நோயாளியோடு பழகிய நலமுடையாரைச் சில நாள் விலகியிருக்கச் செய்வதையும் 'தனிமைப்படுத்துதல்' என்னும் ஒரே சொல்லால் தமிழில் குறித்தோம். செயல் இரண்டு, சொல் ஒன்று. அதனால் வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்ட வீடுகளையெல்லாம் அயலார் நோய் வீடுகள் என்றே கருதி ஒதுங்கினர். நலமாக இருந்த முதியோருக்குப் பால் வாங்கித் தரவும் ஆளில்லாத நிலையை நாம் நேரிற் கண்டோம். அப்பழிக்கு அஞ்சியே காய்ச்சலை மறைத்தவரும் உண்டு. மறைத்த காய்ச்சல் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோயைத் தடுக்கவும் இயலாது.

ஆகவே, பயிற்சி பெற்ற ஆள், சொந்த ஆய்வுக்கூடம், முடிவெடுக்கும் அதிகாரம், பிழையைத் திருத்தும் துணிவு ஆகிய நான்கோடு, மக்கள் மொழியில் மெய்யுரைத்தல் என்னும் ஐந்தாவதும் சேர்ந்தாலே ஒரு சுகாதார நிறுவனம் பயனுடையதாகும். முன்னைய நான்கும் அரசின் கடமை. ஐந்தாவதில் தமிழ் கற்போர்க்கும் பங்குண்டு. நோய்த்தடுப்புச் சொற்களை மயக்கமின்றி ஆக்கித் தருவதும், வதந்தி எழும்போது உண்மையைத் தெருவாரிடம் எடுத்துரைப்பதும் நம் மாணவர் ஏற்கத்தக்க பணிகள். பெரியோர்களின் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு; அம்மதிப்பை அவர்களும் இதற்கு நல்க வேண்டும். அடுத்த நோய் வருமுன் அப்பணியைத் தொடங்குவோமாக.