ரத வீதியில் சைக்கிளுக்கு இடம்

எண்பதுகளில் காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் நின்றால், ரோடு முழுக்கச் சைக்கிள்தான். பூட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டியிருப்பார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் போகும் கூட்டம் பேகம்பூர் பக்கம் திரும்பும். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து பால்காரர்கள் கேரியரின் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரையும் வண்டி எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார், மணிக்கணக்கில் வாடகை. சீட்டுக்குக் கால் எட்டாத பையன்கள் அந்த வண்டிகளில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். ராத்திரி லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். முனிசிபாலிட்டிக்கு வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்த காலமும் உண்டு. தொந்தரவுதான். ஆனாலும் சைக்கிளை ஒரு வாகனமாக ஊர் கணக்கில் வைத்திருந்தது.

அன்றைக்கும் தனிப்பாதை என்று யாரும் போட்டுத் தரவில்லை. எண்ணிக்கைதான் காவல். முன்னால் கூட்டமாகச் சைக்கிள்கள் போனால் லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பட்டறைக்காரர்கள் பைக்குக்கும் மொபெட்டுக்கும் மாறியதும் அந்தக் கூட்டம் கரைந்தது. கூட்டம் பிடித்து வைத்திருந்த இடமும் அதோடு போயிற்று.

2014-இல் திண்டுக்கல் மாநகராட்சியானது. ரத வீதிகள் அதே அகலம்தான். இருபுறமும் பைக்குகள் நிற்க, நடுவில் மிஞ்சும் இடத்தில் ஆட்டோவும் காரும் முட்டிக்கொள்கின்றன. இதற்குள்தான் அரசு கொடுத்த சைக்கிளும் வருகிறது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லாருக்கும் விரிந்தது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் மணிக்கூண்டுப் பக்கம் பாருங்கள். பின்னால் ஹாரன் அலறியதும் சீருடைப் பிள்ளை இறங்கிவிடுகிறாள். வரிசையாக நிற்கும் பைக்குகளை ஒட்டி, ஓரத்துச் சாக்கடைக்குள் சக்கரம் இறங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறாள். சைக்கிள் கொடுத்தோம், அதை ஓட்ட மூன்றடி ரோடு கொடுக்கவில்லை. என்னால் இதை ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 4,836 சைக்கிள்காரர்களும் 32,825 பாதசாரிகளும் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு.

மெதுவாகப் போகிறவர்களுக்கு இடம் ஒதுக்குவது நம் ஊருக்குத் தெரியாத வித்தையும் அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கென்று திண்டுக்கல் - பழனி சாலையோரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், அதனால் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் அப்படித் திரண்டு வர மாட்டார்கள். அவர்களுக்காகப் பெரியவர்கள்தான் கேட்க வேண்டும்.

இன்று சைக்கிள் நாடு என்று பேர் வாங்கிய நெதர்லாந்திலும் கேட்டுத்தான் வாங்கினார்கள். 1971-இல் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாகனங்களுக்குப் பலியானார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற பெயரிலேயே 1973-இல் ஓர் இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். பாதைகள் பெரிய அளவில் பெருகியது அதன் பிறகுதான்.

நமக்கு மறியல்கூடத் தேவையில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாக, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடின. திண்டுக்கல்லின் 48 வார்டுகளிலும், குடிதண்ணீர், தெருவிளக்கு என்று கேட்பதோடு சேர்த்து இதையும் அங்கே கேட்கலாம். பள்ளிகளைச் சுற்றி மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு. காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் ரத வீதியின் ஒரு பக்கத்திலாவது பைக் நிறுத்தத் தடை. கோடு போட்டுப் பிரித்த ஓரப்பாதை. இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம். சபைக்குப் போகும்போது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிப் போக வேண்டும். எந்தத் திருப்பத்தில் சைக்கிளை விட்டு இறங்குகிறோம், ஏன் இறங்குகிறோம் என்பதைக் கவுன்சிலரிடம் அவர்களே சொல்லட்டும்.