கொடி இல்லாமல் ஓடிய வண்டி

புதுதில்லி: 2014 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் நிர்வாகிகள் தேர்தல் அன்றுதான் தில்லியில் நடந்தது. சென்னையைச் சேர்ந்த என்.ராமச்சந்திரன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே நாளில் ரஷியாவின் சோச்சி நகருக்கு அருகே உள்ள மலைத்தடத்தில், இமாசலப் பிரதேசத்தின் மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் தமது போட்டியை முடித்துக் கொண்டிருந்தார். அவர் எந்த நாட்டின் சார்பிலும் போட்டியிடவில்லை. ஐந்து வளையக் கொடியின் கீழ், "சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்" என்ற பெயரில் அவர் மலையிலிருந்து இறங்கினார்.

இரண்டு நாள்கள் கழித்து, பிப்ரவரி 11-ஆம் தேதி, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மீதான இடைநீக்கத்தை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விலக்கிக் கொண்டது. சோச்சிக்குச் சென்றிருந்த மற்ற இருவரான பனிச்சறுக்கு வீரர்கள் ஹிமான்ஷு தாக்குர், நதீம் இக்பால் ஆகியோரின் போட்டிகள் அதற்குப் பிறகே நடந்தன. எனவே அவர்கள் இந்தியாவின் பெயரில் பங்கேற்றனர். கேசவனின் பெயருக்கு எதிரே மட்டும் நாட்டின் பெயர் இல்லாமல் போனது. ஒலிம்பிக் ஆவணங்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த நிலைக்கு யார் காரணம் என்பதைப் பார்ப்பதற்கு முன், அந்த விளையாட்டு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். தில்லியின் ஜனவரிக் குளிருக்கே கம்பளிக்குள் ஒடுங்கிக்கொள்ளும் நம்மவர்களுக்கு அது அவ்வளவு பழக்கமானதல்ல.

மலைச்சரிவில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட்டால் வாய்க்கால் போன்ற தடம் அமைத்து, குளிரூட்டும் குழாய்களைப் பதித்து, அதன் மீது பனிக்கட்டியைப் படியவைக்கிறார்கள். இந்தத் தடத்தில் மூன்று வகைப் போட்டிகள் நடக்கின்றன. இருவரோ நால்வரோ வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி ஏறி உட்கார்ந்து செல்வது பாப்ஸ்லெட். தலை முன்னாக, குப்புறப் படுத்துச் செல்வது ஸ்கெலிட்டன். கால்கள் முன்னாக, மல்லாந்து படுத்துச் செல்வது லூஜ். கேசவனின் விளையாட்டு இந்த மூன்றாவது வகை. வண்டியின் எடை இருபது கிலோவுக்குச் சற்று மேல். அதில் பிரேக் கிடையாது. கெண்டைக்கால்களால் சறுக்குச் சட்டங்களை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் அதைத் திருப்ப முடியும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். நேரத்தை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள். தலையைச் சற்றே தூக்கிப் பார்த்தால் காற்று தடுக்கிறது. பார்க்காமல் போனால் அடுத்த வளைவு எப்போது வரும் என்பதை உடம்பு முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

புதிதாக வருபவனுக்கு இதில்தான் முதல் தடை. ஒருமுறை இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளொன்றுக்கு ஐந்து முறை இறங்கினாலும் மொத்தப் பயிற்சி நேரம் நான்கைந்து நிமிடங்களே. கிரிக்கெட் வீரன் வலைப்பயிற்சியில் நாள் முழுவதும் பந்தை அடிக்கலாம். இங்கே அது முடியாது. ஜெர்மனியில் இத்தகைய தடங்கள் நான்கு அமைந்தன. அந்நாட்டுச் சிறுவர்கள் பள்ளிப் பருவத்திலேயே ஆயிரக்கணக்கான முறை இறங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் ஒரு தடம்கூட இல்லை. கேசவன் விளையாடிய காலத்தின் பெரும்பகுதியில், ஆசியாவில் அவர் நம்பியிருக்கக்கூடியதாக இருந்தது ஜப்பானின் நகானோ தடம் ஒன்றுதான்.

1981-இல் பிறந்த கேசவனின் தந்தை கேரளத்தைச் சேர்ந்தவர், தாய் இத்தாலியர். மணாலியை அடுத்த வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்து, சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்தார். புதிய நாடுகளுக்கு லூஜைக் கொண்டு செல்லும் நோக்கத்துடன் சர்வதேச லூஜ் கூட்டமைப்பு தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஹரியாணாவின் பஞ்ச்குலாவில் ஒரு முகாம் நடத்தியது. ஆஸ்திரியப் பயிற்சியாளர் குந்தர் லெம்மரர் அங்கு பனியே இல்லாமல், சக்கரம் பொருத்திய வண்டிகளில் மாணவர்களைச் சாலையில் ஓடவிட்டுப் பார்த்தார். அதில் தேர்வான கேசவன், பிறகு ஆஸ்திரியாவுக்குச் சென்று முதன்முறையாக உண்மையான பனித்தடத்தைக் கண்டார். 1998 பிப்ரவரியில் நகானோ ஒலிம்பிக்கில், இரவல் வண்டியில், 16 வயதில் களமிறங்கி 28-ஆம் இடம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் இந்திய அணி என்பது அவர் ஒருவரே. 2002-இல் சால்ட் லேக் சிட்டியிலும் அப்படியே.

அதன் பிறகு 2006 டுரின், 2010 வான்கூவர், 2014 சோச்சி, 2018 பியோங்சாங் என ஆறு ஒலிம்பிக்குகள். அவற்றில் மிகச் சிறந்தது டுரினில் பெற்ற 25-ஆம் இடம். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டுரினில் தங்கம் வென்ற இத்தாலியின் ஆர்மின் சோகெலருக்கோ, அதற்கு முன் நகானோவில் வென்ற ஜெர்மனியின் கேயார்க் ஹாக்லுக்கோ பின்னால் நின்றவர்கள் பயிற்சியாளர், வண்டி நிபுணர், அரசு நிதி என்று ஒரு படையே. ரோத்தாங் செல்லும் மலைச்சாலையில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே சக்கர வண்டியில் படுத்தபடி இறங்கிப் பயிற்சி செய்தவர் கேசவன். அந்தக் காட்சியைப் படம்பிடித்து உலகமே பார்த்தது. சாகசம் என்று பாராட்டினார்கள். தடம் இல்லாத காரணத்தால் நேர்ந்தது அது என்பதைப் பாராட்டியவர்களில் பலரும் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் ஆசிய அளவில் அவர் சாம்பியன். 2011-இல் நகானோவில் ஆசியக் கோப்பையை வென்றார். பின்னர் மேலும் பலமுறை வென்றார். இடையில், தாய்நாட்டின் உரிமையில் இத்தாலிக்காக விளையாட வருமாறு அழைப்பு வந்தது. அதை அவர் ஏற்கவில்லை.

பணத்துக்காக அவர் பட்ட பாடு தனிக்கதை. வண்டி, சறுக்குச் சட்டங்கள், தடக் கட்டணம், ஐரோப்பாவில் பல மாதத் தங்கும் செலவு என எல்லாமே வெளிநாட்டு நாணயத்தில். சோச்சிக்கு முன் பொதுமக்களிடமே நன்கொடை திரட்டினார். புதிய நாட்டு வீரர்கள் அனைவருக்கும் பொதுவான நிலை இது. டோங்கா என்ற பசிபிக் தீவு நாட்டின் லூஜ் வீரர் ஒருவர், விளம்பரம் தரும் ஜெர்மன் உள்ளாடை நிறுவனத்தின் பெயரையே தமது பெயராக மாற்றிக்கொண்டு சோச்சிக்கு வந்தார். நைஜீரியாவின் செயுன் அடிகுன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தடையோட்டத்தில் ஓடியவர். மரத்தால் பயிற்சி வண்டி செய்து, இணையம் வழி நிதி திரட்டி, 2018-இல் ஆப்பிரிக்காவின் முதல் ஒலிம்பிக் பாப்ஸ்லெட் அணியைக் கொண்டு வந்தார். 1988-இல் கால்கரியில் கவிழ்ந்த ஜமைக்காவின் நால்வர் பாப்ஸ்லெட்டைப் பற்றித் திரைப்படமே வந்தது. அதே ஜமைக்கா 1994-இல் லில்லேஹாமரில் 14-ஆம் இடம் பெற்று அமெரிக்க வண்டிகளை முந்தியது. அந்தச் செய்தியைத்தான் படம் பார்த்த பலர் அறியவில்லை.

புதியவர்கள் மீது உலகின் பார்வை எத்தகையது என்பதை 2010 வான்கூவர் காட்டியது. தொடக்க விழா நாளான பிப்ரவரி 12 அன்று, விஸ்லர் தடத்தில் பயிற்சியின்போது ஜார்ஜியாவின் நோதார் குமாரிதாஷ்விலி, 21 வயது, தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்தார். வண்டியின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். தடத்தில் குறையில்லை, வீரர் வளைவிலிருந்து தாமதமாக வெளிவந்ததே காரணம் என்று அன்றே அதிகாரிகள் அறிவித்தனர். ஆனால் அடுத்த நாள் போட்டிக்கு ஆண்களின் தொடக்க இடத்தைக் கீழே இறக்கினார்கள். தூண்கள் இருந்த இடத்தில் சுவரை உயர்த்தினார்கள். குறையில்லாத தடத்துக்கு இவையெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அந்தத் தடத்தில் இறங்கியவர்களில் கேசவனும் ஒருவர். 29-ஆம் இடம் பெற்றார்.

மறுபடி தில்லிக்கு வருவோம். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் முறைகேட்டுப் புகார்கள் எழுந்து அடங்காத நேரம். இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தல் ஒலிம்பிக் சாசனப்படி நடக்கவில்லை என்று கூறி 2012 டிசம்பர் 4-ஆம் தேதி சர்வதேச கமிட்டி சங்கத்தை இடைநீக்கம் செய்தது. மறுநாளே சங்கம் தேர்தலை நடத்தியது. அபய் சிங் சௌதாலா தலைவரானார். காமன்வெல்த் வழக்கில் கைதாகிச் சிறையிலிருந்து ஜாமீனில் வந்திருந்த லலித் பனோட் பொதுச்செயலாளரானார். (அந்தப் போட்டிகள் தொடர்பான பண மோசடி வழக்கை முடித்துக்கொள்ள அமலாக்கத் துறை தந்த அறிக்கையை தில்லி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.) குற்றப்பத்திரிகை தாக்கலானவர்கள் தேர்தலில் நிற்கக்கூடாது என்று விதியைத் திருத்துங்கள் என்றது சர்வதேச கமிட்டி. திருத்த ஓராண்டு ஆனது. 2013 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. அப்போதும் தேர்தலுக்குக் குறித்த நாள் பிப்ரவரி 9. சோச்சி தொடக்க விழாவோ பிப்ரவரி 7.

இரண்டு நாள் முன்னதாகவோ ஒரு மாதம் முன்னதாகவோ தேர்தலை வைத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். தேதியைக் குறித்தவர்களுக்கு சோச்சிக்குச் செல்லும் மூவர் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை என்பதே இதை எழுதுபவரின் கணிப்பு. கோடைக்கால ஒலிம்பிக்காக இருந்து, நூறு வீரர்கள் கொடியின்றி நடக்க வேண்டியிருந்தால், நாடாளுமன்றமே கொதித்திருக்கும். நாட்டுக்கே தலைகுனிவு இது என்று கேசவன் வெளிப்படையாகவே வருந்தினார். சோச்சியில் பயிற்சி ஓட்டத்தின்போது வண்டியிலிருந்து விழுந்து, ஓடும் வண்டியை விடாமல் பிடித்து மீண்டும் ஏறிப் படுத்து இறங்கி முடித்தார். அந்தக் காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப வந்தது. போட்டியில் அவருக்குக் கிடைத்தது 37-ஆம் இடம்.

2018-இல் பியோங்சாங்கில் 34-ஆம் இடத்துடன் அவர் விடைபெற்றார். நகானோ தடத்தில் பனி உறைய வைப்பதும் செலவைக் காரணம் காட்டி அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது 2020-இல், அதாவது முதல் ஒலிம்பிக்குக்கு 22 ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜில் இந்தியர் எவரும் இல்லை. காஷ்மீரைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் மட்டுமே சென்றார். அங்கும் அரசியல் குறுக்கிட்டது. கல்வான் மோதலில் பங்கேற்ற சீன ராணுவ அதிகாரியிடம் ஜோதியைக் கொடுத்ததைக் கண்டித்து, தொடக்க, நிறைவு விழாக்களை இந்தியத் தூதரக அதிகாரி புறக்கணிப்பார் என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. விழாக்களை ஒளிபரப்புவதில்லை என்று தூர்தர்ஷனும் முடிவெடுத்தது. அந்தக் கண்டனம் நியாயமானதே. ஆயினும் கொடியேந்தி நடந்த ஒரே வீரரை அவரது நாட்டின் அரசுத் தொலைக்காட்சி காட்டவில்லை.

2022 நவம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்துக்குத் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேரில் சிவ கேசவனும் ஒருவர். மேரி கோம், பி.வி.சிந்து, மீராபாய் சானு ஆகியோருடன் தமிழகத்தின் சரத் கமலும் பவானி தேவியும் அதில் இடம்பெற்றனர். அடுத்த மாதம் பி.டி.உஷா சங்கத் தலைவரானார். விளையாட்டு வீராங்கனை ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், ஒவ்வொரு சம்மேளனத்தின் செயற்குழுவிலும் சிறந்த வீரர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்கிறது. தேர்தல் தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்கிறது. அகமதாபாதில் 2030 காமன்வெல்த் போட்டிகள் நடக்க உள்ளன. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்டிருக்கிறது. இத்தனை திட்டங்களுக்கு நடுவே, இமயமலையைக் கொண்ட இந்நாட்டில் லூஜ் கற்க விரும்பும் சிறுவனுக்கு இன்றும் கிடைப்பது சக்கரம் பொருத்திய வண்டியும், போக்குவரத்து குறைந்த ஒரு மலைச்சாலையும்தான்.