சிரட்டைப் பாலும் இணையவழித் தேர்வும்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டிப் போனால், கீரிப்பாறையை நெருங்க நெருங்க ரப்பர் மரங்கள்தான். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இந்த மலையடிவாரத்தில் பரந்து கிடக்கின்றன. விடியுமுன்னே பால் வெட்டு தொடங்கிவிடும். பட்டையில் போட்ட கோட்டின் வழியே வடியும் பால் சிரட்டையில் சேரும். ரப்பர் பால் விலைக்குப் போகும்போது லிட்டர் கணக்கை மட்டும் பார்த்துப் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. கொஞ்சம் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கிறார்கள். நூறு பங்கு பாலில் ரப்பர் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரை இருக்கும். மழை, பருவம், மரத்தின் வயது என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். யாராவது தண்ணீர் சேர்த்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். இதற்காக மரத்துக்கு மரம் கேமரா கட்ட வேண்டியதில்லை. வெட்டுபவரின் கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்கு வைக்க வேண்டியதும் இல்லை. இணையவழிப் படிப்புகளில் காப்பியடிப்பதைத் தடுக்க நாம் செய்துவருவதோ இதற்கு நேர்மாறு. பாலைச் சோதிக்காமல் வெட்டுபவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை அனுபவித்தே பார்த்துவிட்டது.

கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம், 2020 நவம்பர், டிசம்பரில் முடிந்திருக்க வேண்டிய பருவத் தேர்வை 2021-ன் தொடக்க மாதங்களில் இணையவழியில் நடத்தியது. மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே கணினி முன்போ கைபேசி முன்போ உட்கார்ந்து எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கேமரா வழியாக அவர்களைக் கண்காணித்தது. முடிவு வந்தபோது ஏராளமானோர் தேறவில்லை. முறைகேடு என்ற சந்தேகத்தில் பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. தலை திரும்பியதற்கும், பின்னால் யாரோ பேசிய சத்தத்துக்கும், இணைப்பு அறுந்ததற்கும் தங்களைக் குற்றவாளியாக்கிவிட்டதாக மாணவர்கள் குமுறினார்கள். அந்த மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி, கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுதேர்வு நடக்கும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. காப்பியடித்தவர் யார், கழுத்து வலித்துத் திரும்பியவர் யார் என்று பிரித்துக் காட்ட முடிந்திருந்தால் அந்த மறுதேர்வுக்குத் தேவையே எழுந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். நேர்மையாக எழுதியவருக்கும் அந்தப் பருவம் வீணாயிற்று.

கேமராக் கண்காணிப்பு தோற்பதற்கான காரணம் எளிது. மோசடி செய்கிறவருக்கு அந்தக் கேமரா பார்க்காத இடம் எது என்று தெரியும். திரைக்குக் கீழே இன்னொரு கைபேசி, கேமராவுக்குப் பின்னால் ஒரு நண்பர், அவ்வளவு போதும். மோசடி செய்யாதவருக்கோ அந்தக் கேமரா எதைப் பார்த்துச் சந்தேகப்படும் என்று தெரியாது. ஒரே அறை உள்ள வீட்டில் தம்பி குறுக்கே ஓடுவான், அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள், மின்சாரம் போகும். தனி அறையும் வேகமான இணைப்பும் உள்ளவருக்கு இதெல்லாம் இல்லை. ஆகவே இயந்திரத்தின் சந்தேகம் வசதி குறைந்தவர் தலையில்தான் அதிகம் விழும். கீரிப்பாறை போன்ற ஊர்களில் மலையே அலைக்கு மறிப்பு. மிசோரத்தின் மாவ்ரே கிராமத்து மாணவர்கள் 2020-ல் தேர்வெழுத சிக்னல் தேடிக் குன்றின் மேல் ஏறிக் குடிசை போட்டு உட்கார்ந்தது செய்தியானது. அப்படி உட்கார்ந்திருப்பவரின் பின்னணியை எந்த மென்பொருள் இயல்பானது என்று எடுத்துக்கொள்ளும்? முகத்தைப் படிக்கும் மென்பொருள்களின் தரத்தையும் பார்க்க வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஆய்வொன்று, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டுக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போயிற்று. அது தேர்வு மென்பொருளைப் பற்றிய ஆய்வு இல்லை என்றாலும், நம் நிறத்து முகங்களை இந்தத் தொழில்நுட்பத்திடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு அது போதும். தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு முரண் என்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏழை வீட்டின் உள்ளறையும் அந்தரங்கமானதுதான்.

அப்படியானால் காப்பியடிப்பது பெரிய பிரச்சினையே இல்லையா என்றால், பிரச்சினைதான். இணையவழிப் படிப்பின் வார ஒப்படைப்புகளுக்கு விடை வேண்டுமென்றால் யூடியூபில் பாடத்தின் பெயரையும் வாரத்தின் எண்ணையும் தட்டினால் போதும். டெலிகிராம் குழுக்களில் கெடு முடிவதற்குள் விடைகள் வந்துவிடும். இதைவிட நுணுக்கமான திருட்டும் உண்டு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய 115 இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே ஆள் இரண்டு கணக்குத் தொடங்குகிறார். முதல் கணக்கில் கண்டபடி விடை தட்டி, கணினி காட்டும் சரியான விடையைக் குறித்துக்கொள்கிறார். இரண்டாவது கணக்கில் அதை அப்படியே போட்டுச் சான்றிதழ் வாங்குகிறார். இந்த வழியில் 1,237 சான்றிதழ்கள் பெறப்பட்டிருந்தன. இது நடந்த 69 படிப்புகளின் மொத்தச் சான்றிதழ்களில் அது 1.3 விழுக்காடுதான், ஆனால் இருபதோ அதற்கு மேலோ சான்றிதழ் சேர்த்தவர்களில் நான்கில் ஒருவர் இதைச் செய்திருந்தார். ஆய்வாளர்கள் சொன்ன மருந்தில் கேமராவே இல்லை. கெடு முடியும்வரை சரியான விடையைக் காட்டாதீர்கள், ஆளுக்கு ஆள் எண்களை மாற்றிக் கேளுங்கள் என்றார்கள். அறிவியல் படிப்புகளில் இந்த முன்னேற்பாடுகள் பலன் தருவதற்குச் சான்றும் காட்டினார்கள். கேள்வியைச் சரியாக அமைத்தாலே மோசடியின் பெரும்பகுதிக்கு வாசல் அடைபடும்.

மீதிக்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டம், 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளையும் நடத்துகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் அதன் முதுகெலும்பு. பாடம், காணொளி, வார ஒப்படைப்பு எல்லாம் இணையத்தில். இறுதித் தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் ஒப்படைப்பில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியே எட்டியாக வேண்டும். பன்னிரண்டு வாரமும் டெலிகிராமைப் பார்த்தே விடை போட்டு 25-க்கு 25 வாங்கினாலும், தேர்வறையில் 30 வரவில்லை என்றால் கையில் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்றையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்தச் சான்றிதழில் இரண்டு மதிப்பெண்ணும் தனித்தனியே அச்சாகும். ஒப்படைப்பில் 25, தேர்வில் 31 என்றிருந்தால் வேலைக்கு எடுப்பவர் அந்த இடைவெளியைக் கவனிப்பார். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் அறிவித்த தரவு அறிவியல் இளநிலைப் படிப்பும் இதே நெறியில் நடக்கிறது. பாடம் இணையத்தில், முக்கியத் தேர்வுகள் நேரில். பால் வெட்டும்போது காவல் நிற்பதில்லை, பாலை அளக்கும் இடத்தில் ஏமாற்ற முடியாது. கல்லூரிகள் ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை, அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் படிப்புகளை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-ல் விதி தளர்த்திய பிறகு, இந்த அளக்கும் இடத்தின் முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது.

நேரில் நடக்கும் தேர்வில் மட்டும் மோசடி இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019-ல் நீட் தேர்வில் வேறொருவரை எழுத வைத்து ஒரு மாணவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது அம்பலமானது. அதுவும் தேர்வறையில், கண்காணிப்பாளர் கண்ணெதிரே நடந்த ஆள்மாறாட்டம்தான். ஆனால் அது எப்படிப் பிடிபட்டது என்று பாருங்கள். தேர்வெழுதியவரின் படமும் கல்லூரியில் சேர்ந்தவரின் முகமும் பொருந்தவில்லை. நேரில் வந்தவர் தடயம் விட்டுப்போகிறார். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வில் அந்தத் தடயமும் மெலிந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சேராமலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் 2020 டிசம்பர் இணையவழித் தேர்வில் புகுந்துவிட்டார்கள் என்ற செய்தி அதைத்தான் காட்டியது. நேர்த்தேர்வு மோசடியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கே மோசடிக்கு ஆள், பணம், துணிச்சல் எல்லாம் வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு கைபேசி போதும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. வீட்டைவிட்டு நகர முடியாதவருக்காகத்தானே இணையவழிப் படிப்பு? கைக்குழந்தைக்காரி, தோட்ட வேலைக்குப் போகிறவர், மலைமேல் இருக்கும் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து படிக்கிற முதல் தலைமுறைப் பிள்ளை, இவர்களையும் மையத்துக்கு வரச் சொன்னால் பழைய கதைதானே என்கிறார்கள். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பருவத்துக்கு ஓரிரு நாள் பஸ் ஏறிப் போய் எழுதுவதா, வாரந்தோறும் கேமரா இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தோடு கைபேசி முன் அசையாமல் உட்காருவதா? முதலாவதற்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். இரண்டாவதில் தன் மேல் தப்பில்லாமலே ஒரு பருவம் போகலாம். அந்தப் பயணத்தையும் குறைக்க முடியும். எழுத்துத் தேர்வென்றால் ஒரு பள்ளிக்கூட அறை, மேஜை, இரண்டு ஆசிரியர், கட்டி முத்திரையிட்ட வினாத்தாள், இவை போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஊர் ஊராக நடத்தத் தெரிந்த மாநிலம் இது. மாவட்டத் தலைநகரோடு நிற்காமல், மலையோரத்து மேல்நிலைப் பள்ளிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்கழகத் தேர்வு மையமாகத் திறந்துவிட்டால் அந்தக் கைக்குழந்தைக்காரியும் எழுதிவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம்.

கட்டுரையும் ஆய்வேடும் வேறு வகை. அவற்றைத் தேர்வறைக்குள் எழுத வைக்க முடியாது. 2018-ல் வந்த யு.ஜி.சி. விதி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவை வைத்துத் தண்டனையைப் படிப்படியாக வகுத்தது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. சொல்லை எண்ணும் மென்பொருளுக்குச் சொல் மாறினால் கண் தெரியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சொல்லை மாற்றித் தருவது நொடி வேலை. இயந்திரம் எழுதியதை இயந்திரத்தாலேயே கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் சரியாகப் பிடித்தது. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் கைப்பட எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திரம் எழுதியதாகச் சொல்லிவிட்டன. தமிழ்வழியில் படித்துவிட்டு எளிய ஆங்கிலத்தில் எழுதும் நாகர்கோவில் மாணவி மீது அந்தப் பழி எவ்வளவு எளிதாக விழும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கருவியின் சொல்லை மட்டும் நம்பி எந்தக் கல்லூரியும் ஒரு மாணவரைத் தண்டிக்கக் கூடாது.

நம் மரபு இதை வேறு விதமாக அணுகியது. நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. முன்னோர் நூலைத் தழுவி எழுதுவது அங்கே குற்றமில்லை. முறையான ஒரு வகை. ஆனால் நூலின் சிறப்புப் பாயிரம் சொல்லியாக வேண்டியவற்றில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்தே ‘வழி’ வருகிறது. எதன் வழியில் வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு மாணவருக்கு மேற்கோள் காட்டும் முறையை விழுக்காட்டுக் கணக்கில் மிரட்டிச் சொல்வதைவிட இப்படிச் சொன்னால் விளங்கும். பாயிரத்தை வாய்திறந்து சொல்ல வைப்பதும் நல்லது. கட்டுரை கொடுத்தவரை ஆசிரியர் எதிரே உட்கார வைத்து, இந்தக் கருத்தை எங்கே எடுத்தாய், இந்த எண் எப்படி வந்தது, இதை நீ ஏன் ஏற்றாய் என்று மூன்று கேள்வி கேட்டால் இரவல் எழுத்து ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். எழுதியவரோ அந்த ஐந்து நிமிடத்தில் இன்னும் தெளிந்து எழுந்து போவார்.

ஆசிரியருக்கு அதற்கு நேரம் எங்கே என்பது கடைசி ஆட்சேபம். 60 பேர் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். சுயநிதிக் கல்லூரிகளில் ஏற்கெனவே வகுப்பும் அலுவலக வேலையுமாக நசுங்கிக் கிடக்கிற ஆசிரியரிடம் இதையும் சும்மா செய்யச் சொல்வது அநியாயம். ஆகவே அந்த ஐந்து மணி நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் எழுத வேண்டும்; அதற்கான ஊதியத்தைக் கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து எடுக்கலாம். அதுவும் கூடாத இடத்தில் குலுக்கல் முறையில் பத்துப் பேரைக் கூப்பிட்டால் போதும். யார் பெயர் வரும் என்று தெரியாதபோது அறுபது பேரும் தங்கள் கட்டுரையை ஒருமுறையாவது படித்துவிட்டு வருவார்கள்.