முதலில் விமானம், பிறகுதான் விளக்கு

நடுவானில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விமானிகள் உடனே கோளாறைத் தேடிப் போவதில்லை. என்ன உயரம், என்ன வேகம், எந்தத் திசை என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இந்த ஒழுங்கு பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகு வந்தது.

1972 டிசம்பர் 29 இரவு. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் விமானம் 176 பேருடன் நியூயார்க்கிலிருந்து மயாமியை நெருங்கியது. தரையிறங்கச் சக்கரங்களை இறக்கியபோது, முன்சக்கரத்துக்கான பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. 2,000 அடிக்கு ஏறி, ஆட்டோபைலட்டிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு விளக்கை ஆராயத் தொடங்கினார்கள். ஒருவர் அதன் மூடியோடு மல்லுக்கட்டினார். இன்னொருவர் சக்கரத்தை நேரில் பார்க்கக் கீழறைக்குள் இறங்கினார். அதற்குள் கட்டுப்பாட்டுத் தண்டு தெரியாமல் அழுத்தப்பட்டு, உயரத்தைக் காக்கும் அமைப்பு விடுபட்டிருக்க வேண்டும் என்பது விசாரணையில் தெரிந்தது. விமானம் மெல்ல, மிக மெல்லத் தாழ்ந்தது. கீழே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். உயரத்தைக் கண்ணால் கணிக்க ஒரு வெளிச்சமும் இல்லை. உயரம் குறைவதைச் சொல்லும் மணி ஒலித்தது. அது விமானி அறை ஒலிப்பதிவிலும் கேட்கிறது. அங்கிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது. பல்புதான் ஃப்யூஸ் போயிருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, போர்ட்லாந்து அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றும் சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இத்தகைய விபத்துகளை ஆராய்வதற்கென்றே 1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. கேப்டனிடம் தயங்காமல் பேசவும், வேலையைப் பிரித்துக்கொள்ளவும் விமானிகளுக்குப் பயிற்சி தரும் வழக்கம் அதையடுத்துப் பரவியது.

இன்று வேலைப் பிரிவினை தெளிவானது. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். அவர் கவனம் வேறெங்கும் போகக்கூடாது. மற்றவர் திரையில் வரும் செய்தியை உரக்கப் படித்து, செக்லிஸ்டை வரிவரியாக நிறைவேற்றுவார். சிவப்பு என்றால் உடனடி நடவடிக்கை. மஞ்சள் என்றால் தெரிந்துகொண்டு, முறைப்படி கவனிக்கலாம். இன்ஜினை அணைப்பது போன்ற மீட்க முடியாத செயலுக்கு முன், கை வைத்திருப்பது சரியான விசையில்தானா என்று இருவரும் பார்த்து உறுதி செய்வார்கள். நல்ல இன்ஜினைத் தவறி அணைத்த விபத்துகளும் நடந்திருக்கின்றன.

புறப்படும் வேளையில் கணினியே பல எச்சரிக்கைகளை நிறுத்தி வைக்கிறது. ஓடுபாதையில் முழுவேகம் பிடிக்கும்போது சில்லறைக் கோளாறு விமானியின் கண்ணை இழுக்கக்கூடாது என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இன்ஜின் ஒன்று சில நிமிடங்களில் வெடித்துச் சிதறியது. திரையில் எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக வந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் அவர் குழுவினரும் விமானத்தைப் பறக்க வைத்துக்கொண்டே ஏறத்தாழ 50 நிமிடம் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார்கள். பிறகே சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார்கள். உள்ளே இருந்த 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.