நிதியும் நிக்ஷேபமும்

பழைய கிரயப் பத்திரங்களை நிதானமாக வாசிக்கும் பொறுமையுள்ளவர்களுக்கு, தொகை பெற்றுக்கொண்ட விவரத்துக்கும் நான்கெல்லை விவரத்துக்கும் நடுவே ஒரு நீண்ட வாக்கியம் தென்படும். விற்கிறவர் தமது மனையையும் வீட்டையும் மாத்திரமல்லாமல், அவற்றைச் சேர்ந்த நிதி, நிக்ஷேபம் என்ற புதைபொருள்கள், ஜலம், பாஷாணம் முதலான அஷ்டபோக தேஜஸ்வாம்யங்கள் யாவற்றையும், வாங்குகிறவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாக அனுபவித்துக்கொள்ளும்படி அதில் எழுதிக்கொடுத்திருப்பார். எழுதுகிறவர் அதை மந்திரம்போல் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். கையெழுத்திடுகிறவரோ பெரும்பாலும் படிப்பதேயில்லை. ஆனால் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரைக் கொத்தனார் இடிக்கும்போது, செங்கல்லுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய செம்பு ஒன்று உருண்டு விழுந்து, அதற்குள் பவுன்காசுகள் இருக்கக் காணப்படுமாயின், அதுவரையில் அலங்காரமாய்க் கிடந்த அந்த வாசகமே ஒரு பெரிய வியாஜ்யத்துக்கு மூலமாகிவிடக்கூடும்.

வீட்டை விலைகொடுத்து வாங்கினவனுக்கே சுவருக்குள் இருந்ததும் சொந்தம் என்று சொல்லிவிடுவது சுலபம்; சட்டம் அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, ஒரு வீடு கைமாறும்போது அதனுடன் கூடச் செல்பவை இன்னவை என்று கூறப் புகுந்து, பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் என்று எண்ணி, நிரந்தர உபயோகத்துக்காக அமைந்த மற்றவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. சுவருக்குள் ஒளித்த செம்பு எந்த வீட்டுக்கும் நிரந்தர உபயோகமாய் அமைந்தது அல்ல. விற்றவர் மறந்து விட்டுப்போன பீரோவுக்குள் அவருடைய மனைவியின் அட்டிகை இருந்தால் அது அவர்களுடையதே என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஏலத்தில் வாங்கிய எழுதுமேஜையின் ரகசிய அறையில் பணப்பை அகப்பட்ட ஒரு வழக்கில், மேஜையை வாங்கினதனால் மாத்திரமே பணமும் அவனுடையதாகிவிடாது என்று 1841இலேயே ஆங்கில நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள்.

வைத்தவர் இன்னார் என்று தெரியாதபோதுதான் சிக்கல் பிறக்கிறது. அதற்கென்றே 1878இல் இந்தியப் புதையல் சட்டம் இயற்றப்பட்டது. மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைந்திருக்கும் விலையுள்ள எந்தப் பொருளும் அச்சட்டப்படி புதையலே. ஆகையால் வீட்டுச் சுவரும் தப்புவதில்லை. அதன் பெறுமானம் பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்று ஜில்லா கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பொருளைக் கஜானாவில் கட்டவோ தக்க ஜாமீன் கொடுக்கவோ வேண்டும். பிறகு கலெக்டர் விளம்பரம் செய்து, நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாள் குறித்து, பாத்தியதை கோருகிறவர்கள் யாவரையும் வரச் சொல்லுவார். எவருடையதும் அல்ல என்று தீர்மானமானால், கண்டெடுத்தவரும் இடத்துக்குச் சொந்தக்காரரும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளாத பக்ஷத்தில், முன்னவருக்கு முக்கால் பங்கும் பின்னவருக்குக் கால் பங்கும் கிடைக்கும். தம் கையாலேயே சுவரை இடித்தவருக்கு இரண்டு பங்கும் ஒன்றாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் அவரும் உடனே சந்தோஷப்படுவதற்கில்லை. கண்டெடுத்த நாளுக்கு முந்திய நூறு வருஷத்துக்குள் அதை மறைத்து வைத்தவரோ, அவர் வழியில் உரிமை கோருகிறவரோ வந்து நின்று, கலெக்டரும் அதை நம்புவதற்குக் காரணம் காண்பாராயின், விசாரணையை ஒத்திவைத்து, சிவில் நியாயஸ்தலத்துக்குப் போக அவகாசம் கொடுப்பார். இங்கே செம்புக்குள் இருக்கும் காசுகளே சாக்ஷி சொல்லத் தொடங்குகின்றன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையுடன் 1912 என்று பொறித்த ஒரு காசு அதில் இருந்தால், செம்பு அவ்வருஷத்துக்கு முன்னால் மூடப்பட்டதல்ல என்பது நிச்சயம். விக்டோரியா மகாராணியின் 1862ஆம் வருஷத்து ரூபாய்கள் மாத்திரமே இருந்தாலோ ஒன்றும் நிச்சயமில்லை. அவற்றைப் பாட்டனார் சேர்த்துவைத்துப் பேரன் ஒளித்திருக்கலாம். காசு முன்னெல்லையைக் காட்டுமேயன்றிப் பின்னெல்லையைக் காட்டாது.

இந்த இடத்தில்தான் பத்திரத்து வாசகம் உயிர்பெறுகிறது. செம்பை ஒளித்தவர் விற்றவருடைய தகப்பனார் என்றே ருசுவானாலும், "நிதி நிக்ஷேபம் உள்பட விற்றுவிட்டீர்களே" என்று வாங்கினவர் கேட்கலாம், "இருப்பதே தெரியாத பொருளை எப்படி விற்போம்?" என்று வாரிசுகள் பதில் சொல்லலாம். என் அபிப்பிராயத்தில், தெரியாததையும் உத்தேசித்தே அவ்வாசகம் பிறந்தது. தெரிந்த புதையலை எவன் சுவரில் விட்டு வீட்டை விற்பான்? மேலும், கைமாற்றுப் பத்திரத்தில் புதையல் உரிமையைத் தனக்கென்று ஒருவர் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தால், அவரையே அந்த இடத்தின் சொந்தக்காரராகப் பாவிக்கவேண்டுமென்று 1878ஆம் வருஷத்துச் சட்டம் தன் விளக்கப் பிரிவிலேயே கூறுகிறது.

சீமையில் நடந்த இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், பத்திரத்தில் இப்படிப்பட்ட வாசகம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகப் புலப்படும். யுத்த காலத்தில் சர்க்கார் படையினருக்காக எடுத்துக்கொண்ட ஒரு மாளிகையில், 1940 ஆகஸ்டில், ஹானா என்ற சிப்பாய் இருட்டடிப்புத் திரையைச் சரிசெய்யும்போது, ஜன்னல் சட்டத்தின் மேலிருந்த இடுக்கில் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. காரைத்துண்டு என்று எண்ணி வெளியே ஜன்னல் விளிம்பில் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் பார்க்க, ஒட்டடையும் அழுக்கும் மூடிய நகையூசி அது. மனைவி சொல்லி அதன் மதிப்பை அறிந்தவர், மேலதிகாரியிடமும் போலீஸிடமும் தெரிவித்தார். இரண்டு வருஷமாகியும் இழந்தவர் அகப்படாமற்போகவே, போலீஸார் அதை வீட்டுக்காரரான மேஜர் பீலிடம் கொடுக்க, அவர் 66 பவுண்டுக்கு விற்றுவிட்டார். சிப்பாய்க்கு வெகுமதி தர முன்வந்தார். சிப்பாய் வேண்டாமென்று மறுத்து வழக்காடினார். 1938 முதல் வீடு மேஜருடையதாயிருந்தும் ஒரு நாளும் அதில் குடியிருந்ததில்லை, நகை இருந்ததும் அவருக்குத் தெரியாது என்பதை எடுத்துக்காட்டி, நீதிபதி பர்க்கெட் 1945இல் அந்த 66 பவுண்டையும் சிப்பாய்க்கே கொடுக்கத் தீர்ப்பளித்தார். நம் சட்டமாயிருந்தால் மேஜருக்குக் கால் பங்காவது மிஞ்சியிருக்கும். அதுவே நியாயம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு வழக்கு 1963இல் நடந்தது. லண்டனில் ஒரு கட்டிடத்தை இடித்துக்கொண்டிருந்த கூலியாட்கள், நிலவறைச் சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டிக்குள், மரப்பெட்டி ஒன்றில் 5,728 பவுண்டு பெறுமான நோட்டுகளைக் கண்டார்கள். கண்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, இடத்தைக் குத்தகையாக வைத்திருந்த கம்பெனிக்கும் கிடைக்கவில்லை; மனையில் அகப்படும் விலையுயர்ந்த பொருள் எதுவும் தனக்கே சேரும் என்று குத்தகைப் பத்திரத்தில் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொண்டிருந்த லண்டன் நகரசபைக்குப் போயிற்று.

கூலிக்கு இடிக்கிறவனுடைய பாத்தியதை என்ன என்ற கேள்வியைக் கௌடில்யர் அன்றே யோசித்திருக்கிறார். புதையலை அறிவித்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு, அவன் சம்பளத்துக்கு உழைக்கிறவனாயின் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது அர்த்தசாஸ்திர விதி. முன்னோர் வைத்ததென்று நிரூபிக்கும் யோக்கியனுக்கு முழுவதும் சேரும். மறைத்தவனுக்கு ஆயிரம் பணம் அபராதம்.

1878ஆம் வருஷத்துச் சட்டமும் மறைப்பதையே பெருங்குற்றமாகப் பாவித்து, பங்கைப் பறிமுதல் செய்வதோடு, ஒரு வருஷம் வரையில் சிறைத்தண்டனையும் விதித்திருக்கிறது. அப்படியிருந்தும் கலெக்டர் கச்சேரியைவிட ஆசாரியின் உலையே கிட்டத்தில் இருப்பதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். எழும்பூர் மியூஸியத்தில் இன்று நிற்கும் செப்பு விக்கிரகங்களில் பல, மண்ணைத் தோண்டினவர்கள் தெரிவித்ததன் பேரில் இந்தச் சட்டத்தின் மூலமாகவே வந்து சேர்ந்தவை. அவ்விதம் சர்க்கார் ஒரு பொருளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பையும் அதற்குமேல் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவர்களுக்குக் கொடுக்கவேண்டும்; ஆசாரியோ சேதாரம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்.