உங்களுக்குத் தெரியுமா? தணலில் பக்குவமாகும் தேயிலை

சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில் வூயி மலை இருக்கிறது. அங்கே விளையும் ஊலாங் தேயிலையை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறிக்கிறார்கள். ஆனால் நன்கு வறுத்த புதுச்சரக்கு கடைக்கு வர இலையுதிர்காலம் ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் அந்த இலை கரித்தணலில் வறுபடும், ஆறும், மறுபடி வறுபடும். சில ரகங்கள் மூன்று தடவைகூடத் தணலைப் பார்க்கும்.

*

நீலகிரியில் நல்ல தேயிலை என்றால் இரண்டு இலை, ஒரு கொழுந்து. வூயியில் கொழுந்துக்கு மவுசு இல்லை. மொட்டு விரிந்து இலையாகும்வரை காத்திருந்து, முற்றத் தொடங்கிய மூன்று நான்கு இலைகளோடு காம்பைக் கிள்ளுகிறார்கள். இளந்தளிர் இவ்வளவு சூட்டைத் தாங்காது.

*

பறித்த அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. வாடவைத்த இலையை மூங்கில் தட்டில் போட்டுச் சுழற்றிக் குலுக்குவார்கள். பிறகு ஆறவிட்டு, மறுபடி குலுக்குவார்கள். விடிய விடிய இதே வேலைதான். இலைகள் ஒன்றோடொன்று உரசி ஓரங்கள் கன்றும். கன்றிய இடம் காற்றுப் பட்டுச் சிவக்கும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். பச்சை வாசம் போய்ப் பூவாசம் எழும் நேரம் பார்த்துச் சூடான பாத்திரத்தில் இலையைப் புரட்டி அந்த மாற்றத்தை நிறுத்துகிறார்கள். பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் நடுவே ஊலாங் நிற்பது இதனால்தான்.

*

வறுக்கும் அறையில் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. குழியில் கரியைக் கொட்டி, அது முழுக்கக் கனன்றதும் மேலே சாம்பலைப் போர்த்திவிடுவார்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் சாம்பலின் கனம்தான் கருவி. குழியின்மேல் இடை சிறுத்த மூங்கில் கூடை, அதன் நடுத்தட்டில் தேயிலை. வறுப்பவர் கூடையின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். இலையைப் புரட்ட வேண்டுமானால் கூடையைக் குழியிலிருந்து தூக்கி, தனியாக ஒரு தட்டின்மேல் வைத்தே புரட்டுவார். குழியின்மேலேயே புரட்டினால் உதிரும் தூள் தணலில் விழுந்து புகையும், கூடை முழுவதும் கருகல் வாடை ஏறிவிடும். பல மணி நேரம் நீளும் இந்த வேலையில் ஒரு நிமிடம் கவனம் பிசகினாலும் ஒரு வருட விளைச்சலின் ஒரு பகுதி வீண். எனக்கு இந்தத் தேயிலையின் பெரிய அதிசயம் அந்தப் புறங்கைதான்.

*

தோசை முறுகலின் மணத்துக்கும் இந்த வறுத்த மணத்துக்கும் காரணம் ஒரே வேதிவினை. அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் புதுப்புது வாசனைகளையும் உண்டாக்குகின்றன. கூடவே பச்சைத் துவர்ப்பும் தணிகிறது.

*

வறுத்த ஊலாங்கில் புகை நாற்றம் அடித்தால் அது குறைதான். புகையூட்டிய தேயிலையும் இதே வூயி மலையில்தான் தயாராகிறது. டோங்மு கிராமத்தில் பைன் விறகின் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் அது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

*

1773 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கடலில் கொட்டப்பட்ட தேயிலையில் பெரும்பகுதி, போஹீ என்ற பெயரில் விற்ற வூயி வட்டாரத்துச் சரக்கு. இன்றைய வறுத்த ஊலாங்கை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக் கூடாது. அது ஏற்றுமதிக்கான மலிவான கறுப்புத் தேயிலை.

*

20 கிராம் தேயிலை 1,80,000 யுவான்! 2002-இல் ஏலம் போனது வூயி மலையின் டா ஹோங் பாவ் என்ற ஊலாங். பாறைச் சரிவில் நிற்கும் ஆறே ஆறு தாய்ச்செடிகளிலிருந்து பறித்த இலை அது. 2006-இலிருந்து அந்தச் செடிகளில் யாரும் கைவைப்பதில்லை. 2005-இல் கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் கடைகளில் டா ஹோங் பாவ் என்று விற்பது எது? சில, தாய்ச்செடியின் கிளையிலிருந்து பதியம் போட்டு வளர்த்தவற்றின் இலை. பெரும்பாலானவை ரோ குய், ஷுய் ஷியான் போன்ற ரகங்களை அளவறிந்து கலந்தவை. கலப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ரோ குய்யின் காரமான பட்டை வாசமும் ஷுய் ஷியானின் கொழகொழப்பான நிறைவும் சேர வேண்டிய விகிதத்தில் சேர்ந்தால் தனி ரகத்தில் கிடைக்காத சுவை கிடைக்கும். தொடங்குபவர்களுக்கு நான் கலப்பையே சொல்வேன்.

*

பாறை சிதைந்து உண்டான மண்ணில் விளைவதே உயர்ந்த தேயிலை என்று 8-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் சீனத் தேநீர் அறிஞர் லூ யூ. வூயியில் செடிகள் நிற்பது அப்படிப்பட்ட மண்ணில்தான். செம்பாறைச் சுவர்களுக்கு இடையிலான குறுகிய பள்ளங்களில் வெயில் சில மணி நேரமே எட்டிப் பார்க்கும், பாறையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இந்த மலை 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

*

இனி அடுப்படிக்கு வருவோம். பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். 100 மில்லி பிடிக்கும் மூடி போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். அதைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 7 அல்லது 8 கிராம் தேயிலையைப் போடுங்கள். கிண்ணத்தில் முக்கால்வாசி நிறைந்துவிடும், பயப்பட வேண்டாம். மூடி ஒரு தடவை குலுக்கித் திறந்து முகருங்கள். தண்ணீர் படும் முன்பே இலை பேசத் தொடங்கியிருக்கும்.

தளதளவென்று கொதிக்கும் நீரைத்தான் ஊற்ற வேண்டும். முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிடுவது வழக்கம். அடுத்தது பத்து விநாடி. மூடியைச் சற்றே சாய்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். உள்ளே நீர் தங்கினால் அடுத்த கோப்பை கசக்கும். மூன்றாவது, நான்காவது தடவைகளிலும் அதே நேரம் போதும். பிறகு ஒவ்வொரு தடவையும் சில விநாடி கூட்டிக்கொண்டே போகலாம். நல்ல இலை ஏழெட்டுத் தடவை தாங்கும். முதல் இரண்டு கோப்பைகளில் தணலின் வாசம் முன்னே நிற்கும். மூன்றாவதில் அது பின்வாங்கி, பூவோ பழமோ மரப்பட்டையோ தலைகாட்டும். கடைசிவரை கரி வாசம் மட்டுமே வந்தால், மட்டமான இலையை அதிக வறுவலில் ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

*

ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கிண்ணத்தை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சில விநாடி கூடுதலாக ஊறவிட்டால் சரியாகிவிடும்.

*

தரம் பார்ப்பவர்கள் இவ்வளவு நயமாகத் தேநீர் போடுவதில்லை. சீனத்தின் ஊலாங் சோதனை முறையில் 5 கிராம் இலைக்கு 110 மில்லி கொதிநீர். முதல் தடவை 2 நிமிடம், அடுத்து 3, அதற்கடுத்து 5. இவ்வளவு நேரம் ஊறினால் எந்தக் குறையும் மறைந்திருக்க முடியாது. வீட்டிலும் புதுப் பொட்டலத்தை ஒரு தடவை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

*

மணத்தை மூன்று இடங்களில் தேடுங்கள். சூடான மூடியின் உட்புறம் ஒன்று, வாயில் உறிஞ்சும்போது ஒன்று, குடித்து முடித்த காலிக் கோப்பையின் அடியில் ஒன்று. ஆறிய கோப்பையிலும் மணம் ஒட்டியிருந்தால் வாங்கிய காசு வீணில்லை. விழுங்கியபின் தொண்டையிலிருந்து மெல்ல இனிப்பு ஏறிவர வேண்டும். தொண்டை வறண்டால், அண்மையில் வறுத்த சூடு இன்னும் தணியவில்லை என்று கொள்ளுங்கள். பொட்டலத்தை மூடிச் சில மாதம் வைத்துவிட்டால் சாதுவாகிவிடும்.

*

ஈரம் ஏறி வாசம் மங்கிய தேயிலையைத் தூக்கி எறியாதீர்கள். குவாங்டோங் மாநிலத்துச் சாவ்சோவ் ஊரில், தேநீர் போடுமுன் இலையை வெள்ளைத்தாளில் பரப்பி, கரியடுப்பின்மேல் பிடித்து லேசாக வாட்டுவது இன்றும் உண்டு. நம் வீட்டில் எண்ணெய் படாத மண்சட்டி இருந்தால் போதும். அன்றைக்கு வேண்டிய இலையை மட்டும் போட்டு, ஆகக் குறைந்த தீயில் சட்டியைத் தூக்கித் தூக்கிக் குலுக்குங்கள். இலை மொறுமொறுப்பாகி மணம் எழுந்ததும் இறக்கி, முழுவதும் ஆறியபின் தேநீர் போடுங்கள்.